பிளாப்பிக்கு வைத்த பொட்டு

போன ஆயுத பூசையன்று நடந்ததை நீங்கள் இருவரும் மறந்திருப்பீர்கள். பெரியவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். சின்னவன் போனை வைத்தான், காதில் மாட்டுகிற அந்தக் கருவியையும் வைத்தான். உங்கள் அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஏனுங்க, எல்லாத்துக்கும் நீங்களே வெச்சுடுங்க" என்றாள். வண்டிக்கு வைத்தேன். அரிவாள்மனைக்கு வைத்தேன். தையல் மெஷினுக்கு வைத்தேன். லேப்டாப் பக்கம் வந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று பெரியவள் கேட்டாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்றேன். ஊதுபத்தியைக்கூட அப்போது யாரும் கொளுத்தியிருக்கவில்லை.

அன்று சொன்ன பொய்க்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. நினைவு போகிற வழியில்தான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தனம் குழைத்த வாசம் வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்கு வருவது ஒரு ஏ.சி. அறை. பீளமேட்டில், கல்லூரிகளுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர். நான் படித்தது பத்தாவது. அதற்குமேல் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். டைப் அடிக்கத் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று அப்போது ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அப்படித்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது.

அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக முடியாது. தூசு ஆகாது என்பார்கள். கல்லூரிப் பையன்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை வாரிக்கொண்டு உள்ளே வருவார்கள். தலை வாருவதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். பிரிண்டர் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் போடும். சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றுக்கும் துணி உறை மாட்டுவோம். அது பொருளுக்குச் சட்டை தைத்த காலம். என் மாமா வீட்டு டிவிக்கு மரக் கதவும் பூட்டும் உண்டு. சாவி அத்தையின் இடுப்பில் இருக்கும். டேப் ரெக்கார்டருக்கு வெல்வெட்டில் உறை, அதில் பூ வேலை. எனக்குக் கல்யாணச் சட்டைகூட அவ்வளவு அக்கறையாக யாரும் தைக்கவில்லை.

பிளாப்பி என்றால் உங்களுக்குத் தெரியாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சதுரம், மெல்லியது, பிடித்தால் வளையும். உள்ளே வட்டமாக ஒரு படலம் இருக்கும். மேல் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதன் வழியாகப் பழுப்பு நிறத்தில் அந்தப் படலம் பளபளக்கும். அதைச் செருகுகிற டிரைவுக்குள் போட்டால், டிரைவின் உள்ளே இருக்கிற தலை அந்தத் திறப்பில் உரசித்தான் படிக்கும், எழுதும். எங்கள் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் எதையும் சேமிக்க இடம் கிடையாது. எல்லாம் பிளாப்பியில்தான். பிளாப்பி போனால் அதிலிருந்தது போனது.

இனி சாதிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டைமேட்டுப் பையன், டிப்ளமோ படித்தவன், என்னைவிட மூன்று வயது சின்னவன். சென்டரில் புரோகிராம் வேலையெல்லாம் அவன்தான். என்னை "ஏனுங்ணா" என்றுதான் கூப்பிடுவான். நான் தப்பாக எதையாவது தட்டிவிட்டு முழித்தால், "கம்ப்யூட்டர் கடிக்காதுங்ணா, கைய எடுக்காதீங்க" என்பான்.

ஒருநாள் ஆனைமலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவர் மகள் இங்கே கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து ஒரு தாளில் தரச் சொன்னார். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். தமிழ் வராதுங்க, இங்கிலீஷில்தான் வரும் என்றேன். அவர் கம்ப்யூட்டரைச் சுற்றிவந்து பின்பக்கமும் பார்த்தார்.

"இத்தனை பெரிய பொட்டிக்கு ஈஸ்வரின்னு எழுதத் தெரியாதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். சாதிக் சிரிக்கவில்லை.

மறுநாள் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்தான். மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலால் கட்டத்தைக் கறுப்பாக்கி எழுத்து எழுத்தாக வரைந்தான். பதினாறு கட்டம் உயரம், பதினாறு கட்டம் அகலம். அதை ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். 'ட' ஒரே நாளில் முடிந்தது. 'ண' பதினாறு நாள் பிடித்தது. மூன்று சுழியும் பதினாறு கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்றன. "இந்த ணகரத்துக்கு மட்டும் தனி ஊடு கட்டோணும்போல இருக்குதுங்ணா" என்று புலம்பினான். கடைசியில் அதற்கு மட்டும் எட்டுக் கட்டம் கூடுதலாகக் கொடுத்தான். திரையில் பார்த்துப் பார்த்து, இங்கே ஒரு புள்ளி எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம். திரையில் செய்த அந்தத் திருத்தம் எதுவும் நோட்டில் கிடையாது. எழுத்தெல்லாம் முடிந்த அன்று அவன் முதலில் அடித்த வார்த்தை ஈஸ்வரி. பச்சை நிறத்தில், கொஞ்சம் பல் பல்லாக. நான் அதற்குமுன் கம்ப்யூட்டரில் தமிழைப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டான். பூசை கழிந்த புதன்கிழமை நேரில் வரச் சொல்லி, டிஸ்க்கையும் கையோடு கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது. பிடித்துப்போனால் அவனுக்கு அங்கே வேலை. அவன் எழுத்து ஊர் ஊராகக் கம்ப்யூட்டரில் போகும். ஒரு பிளாப்பியில் எழுத்துகளை வைத்திருந்தான். அதை அப்படியே இன்னொரு பிளாப்பியில் நகல் எடுத்து இரும்பு அலமாரியில் வைத்திருந்தான்.

எங்கள் முதலாளி கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்பு பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தவர். பட்டறைக்காரர் வீட்டு ஆயுத பூசை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். லேத்திலிருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டில்லாமல் ஒரு சாமான் இருக்கக்கூடாது. "ஒண்ணையும் உட்றாதப்பா. உட்ட சாமான் வருசம் பூரா மக்கர் பண்ணும்" என்று பூசையன்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேங்காய் வாங்கப் போனார். சாதிக் அன்று லீவு. நான் மானிட்டருக்கு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன். பையன்களின் பிளாப்பிகள் இருந்த பெட்டிக்கு மூடியில் ஒரு பொட்டு. சாதிக்கின் பிளாப்பி தனியாக மேசை டிராயரில் இருந்தது. புதன்கிழமை பெங்களூர் போகப்போகிறது, அதற்கும் மேலுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதுமா? காகித உறையிலிருந்து வெளியே எடுத்தேன். பொட்டைச் சட்டைக்கா வைப்பார்கள், ஆளுக்குத்தானே? கறுப்பு மேலுறையும் எனக்குச் சட்டையாகத்தான் தெரிந்தது. அந்தத் திறப்பில் பளபளத்த இடம்தான் அதன் நெற்றி என்று நினைத்துக்கொண்டேன். சந்தனத்தைக் குழைத்து அழகாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். அவன் நன்றாக வர வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் நான்தான் முதலில் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். பிளாப்பியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துண்டால் துடைத்தேன். மேலே இருந்தது உதிர்ந்தது, ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டிரைவில் போட்டேன். கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் இங்கிலீஷில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

அப்போது நான் செய்ததுதான் இத்தனை வருஷமாக உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. நகல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் மூச்சு வரும் என்று தோன்றியது. அலமாரியைத் திறந்து எடுத்து, அதே டிரைவில் போட்டேன். அதே கர்ர், கர்ர். டிரைவின் தலையில் ஒட்டியிருந்த சந்தனம் நகலையும் கீறிவிட்டது. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் மட்டும் தெரிந்தது. நகலை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்து அலமாரியை மூடினேன்.

சாதிக் பத்து மணிக்கு வந்தான். அவன் உம்மா கொடுத்தனுப்பிய இனிப்பு கையில் இருந்தது. பொட்டு வைத்ததைச் சொன்னேன். பிளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் முகம் செத்துப்போனது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னங்ணா, இதுக்கும் வெச்சுப்போட்டீங்களா? தேங்கா ஒடைக்காம உட்டீங்களே, அதுவே பெருசு. உடுங்க, அதான் நகல் இருக்குதுல்ல."

அலமாரியைத் திறந்தான். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அலமாரிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஏழெட்டு அடி தூரம்தான். அவன் நடந்துபோனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவுக்குள் தள்ளினான். கர்ர், கர்ர்.

அவன் திரையைப் பார்த்தான். டிரைவைப் பார்த்தான். பிளாப்பியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க மொத பிளாப்பியப் போட்டுப் பாத்தீங்களாங்ணா?"

"பாத்தேன் தம்பி."

"அப்பத் தலை அழுக்காயிருக்கும். அதக் கேக்காம இதையும் கொண்டுபோயி உள்ள தள்ளிப்போட்டேன் பாருங்க." தலையில் அடித்துக்கொண்டான். "ஒண்ணு போனது உங்க தப்புன்னா, ரெண்டாவது போனது என் தப்புங்ணா. படிச்சவன் நானு. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

நான் துண்டை எடுத்துக் கீபோர்டில் இருந்த பொட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, "போனது போச்சு, மறுக்கா வரஞ்சுக்கப்பா" என்றார். பட்டறையில் வார்ப்பு உடைந்தால் மறுபடி ஊற்றுவார்களே, அந்த மாதிரி. சாதிக் புதன்கிழமை நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்வந்தான். டிஸ்க் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தான். 'ட' வரைக்கும் வந்தான். 'ண'வை ஆரம்பித்த அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, டீ குடிக்கலாமுங்ணா என்றான். அதற்குப் பிறகு அந்த நோட்டை நான் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மச்சானின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய்விட்டான். கால்குலேட்டர், கைக்கடிகாரம், ரேடியோ விற்கிற கடை. அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனதாகக் கேள்வி. கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். "உங்களுக்கு நல்ல மனசுங்ணா" என்றான். அதைச் சுமந்துகொண்டு நான் எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன் பாருங்கள்.

அந்த மாடி இப்போது இல்லை. இடித்துவிட்டு ஏழு மாடிக்குக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பெரியவளே, நீ பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறாய். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டதை நானே பார்த்தேன். துணி உறையோடு தராசில் வைத்தான் கடைக்காரன். உறையைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லக்கூட அங்கே யாருமில்லை. இன்று சின்னவன் போனில் தமிழை இருபது தினுசில் எழுதிக் காட்டுகிறான். எல்லாம் அழகுதான். சாதிக்கின் எழுத்தைத் திரையில் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவன் நான்.

போன பூசை கழிந்த வாரம் முதலாளியின் மகனிடமிருந்து சாதிக்கின் எண்ணை வாங்கினேன். ஊருக்கே திரும்பி வந்துவிட்டானாம், குனியமுத்தூரில் இருக்கிறானாம். பேசத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, அழித்து அழித்து, தமிழிலேயே அடித்து அனுப்பினேன். நகலை முதலில் டிரைவில் போட்டவன் நான், நீ போடும்போதே அது போயிருந்தது, உன் மேல் தப்பே இல்லை என்று.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"நல்லா இருக்கீங்களாங்ணா. அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம். உடம்பப் பாத்துக்குங்க."

இதை நான்தான் உங்களுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவன் அனுப்பியதில் ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஏபிசிடி எழுத்தில் தமிழை அடித்திருந்தான். மனசு கேட்காமல், நீ தமிழில் அடிப்பதில்லையா தம்பி என்று கேட்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

"அன்னிக்கு உட்டதுங்ணா. அப்பறம் தொடவே இல்ல."

அதுவும் ஏபிசிடியில்தான் இருந்தது.