பிரேக் குழாயில் இருப்பது

திருமலைராயன்பட்டினத்திலிருந்து திரும்பும்போது வளைவில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே நின்றது. வாப்பா பிரேக்கை மிதித்தார், கார் நிற்கவில்லை. இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தன் முழங்காலையே கீழே அழுத்தினார். வைக்கோலுக்குள் மூக்கை நுழைத்த பிறகுதான் கார் நின்றது. பயந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று தோன்றியது: வாப்பாவின் காலை மாற்ற முடியாது, பிரேக்கை மாற்றலாம்.

சைகோனில் கடை நடத்தியபோது வாப்பா வாங்கிய பிரெஞ்சுக் கார் அது. அங்கேயே கிடங்குப் படியில் விழுந்து வலது காலில் பலம் போய்விட்டது. காரும் அவரும் ஒரே கப்பலில் ஊர் திரும்பினார்கள். அதன் பிரேக் இரும்புக் கம்பியால் இழுபடுவது. உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தில் இறங்க வேண்டும். புது வண்டிகளில் குழாயில் இருக்கும் எண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடும். லேசாக மிதித்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா சொன்னார்: "வித்துடுங்க. அடுத்த தடவை வைக்கோலா இருக்காது."

குதிரை வண்டியில் ஏற வாப்பாவை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். இந்தக் காரில் மட்டும்தான் தானாக ஏறி, தானாகப் போய், தானாக இறங்குவார். பிரேக்கை மாற்ற ஒரு மாதம் தவணை கேட்டேன்.

நாகப்பட்டினத்தில் பிரித்துப் போட்டிருந்த ஒரு பட்டாள ஜீப்பின் முன்சக்கர பிரேக்குகளைக் கொண்டுவந்தேன். அவை நம் அச்சில் உட்கார மறுத்தன. கோட்டுச்சேரிக் கொல்லர் இரும்புத் தகடுகளை வெட்ட, நான் அராவ, அவர் திரும்பவும் வெட்ட, விரல்களில் தோல் மிஞ்சவில்லை. கடைசியில் பொருந்தின. ஊற்றும் எண்ணெய்தான் இல்லை. என்னிடமிருந்த பிரெஞ்சு மோட்டார் புத்தகம், பாதி விளக்கெண்ணெய், பாதி ஆல்கஹால் என்றது. விளக்கெண்ணெய் மட்டும் என்றால் கெட்டி. மண்ணெண்ணெய் கலந்தால் பிரேக்கின் உள்ளிருக்கும் ரப்பர் ஊதிப் போகும். மருந்துக் கடையில் அந்த ஆல்கஹாலை, ஸ்பிரிட் என்று, சின்னக் குப்பியில்தான் கொடுத்தார்கள்.

சாராயக் கடைக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் போய்விட்டாலும் நம் ஊரில் மதுவிலக்கு கிடையாது. எல்லைக்கு அப்பால், மதுவிலக்கு இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். என்னை யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தண்ணீர் கலக்காததாக இரண்டு போத்தல் வாங்கினேன்.

முதல் முறை வாப்பா முற்றத்திலேயே ஓட்டிப் பார்த்தார். பாதத்தை வைத்ததும் கார் நின்றது. இன்னொரு முறை. மறுபடியும்.

"இதுல என்ன ஊத்தியிருக்கே, தம்பி?"

"விளக்கெண்ணெய்ங்க, வாப்பா."

அவர் சிரித்தார். "வண்டிக்கும் பேதி மருந்தா."

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் தொழுகைக்கு அவரே ஓட்டிப் போனார். உம்மா விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

பிறகு என் கூடப்பிறந்த லாத்தாவின் கணவரான மச்சான் வந்தார். எதையும் வேடிக்கையாகவே சொல்லும் மனிதர். சாப்பாட்டின் நடுவில், "மாமி, உங்க புள்ளைக்கு ரெண்டு போத்தல் தேவைப்படுதாம். சாராயக் கடை வாசல்ல பார்த்த ஆளு சொன்னான்" என்றார்.

உம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. குடிக்கவில்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. போத்தல்கள் பிரேக் குழாய்க்குப் போனதைச் சொன்னேன்.

வாப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பள்ளிவாசல் வரைக்கும் அதையா மிதிச்சுக்கிட்டுப் போனேன்?"

"குடிக்கிறதுக்கு இல்லீங்களே, வாப்பா. குழாய்க்குள்ள அடைச்சு…"

"அது கூடுமா கூடாதான்னு பள்ளிவாசல் ஆலிம்கிட்ட கேட்டுக்கலாம். நான் கேட்டதுக்கு நீ பாதி பதில் சொன்னியே, அதை யார்கிட்ட போய்க் கேக்குறது?"

கார் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை குதிரை வண்டி வந்தது. மச்சானும் வண்டிக்காரரும் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அவருடைய ஒரு செருப்பு கீழே விழுந்தது. எடுத்து மாட்டிவிடப் போனேன், காலை இழுத்துக்கொண்டார்.

அன்று மாலை மச்சான் என்னைத் தனியே அழைத்தார். "மெட்ராஸ்லேருந்து சீல் வச்ச டின் வரவழைச்சுத் தர்றேன். கம்பெனிச் சரக்குன்னு சொல்லிடு. யாரு திறந்து பார்க்கப் போறா?"

"அதுலயும் ஸ்பிரிட் இருக்கும், மச்சான்."

"உனக்குத்தானே தெரியும்."

எனக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. வேண்டாம் என்றேன். காரை விலைக்குப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வருகிற திங்கட்கிழமை வருகிறார். உம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நேற்று குழாய்களைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டேன். புதிதாக வாங்கிய விளக்கெண்ணெயை மட்டும் ஊற்றப் போகிறேன். கெட்டியாக இருப்பதால் மிதித்த பிரேக் விட மறுத்துச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அதை இழுத்து விடுவிக்க முன்னதைவிட வலுவான ஸ்பிரிங் வேண்டும். அப்படி இரண்டு ஸ்பிரிங் கொல்லரிடம் தயாராகின்றன. ஆனால் ஸ்பிரிங் வலுத்தால் மிதியும் வலுக்கும். வாப்பாவின் கால் அதைத் தாங்குமா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாளைக் காலை என் வலது காலைத் தூக்கி வைத்துவிட்டு, பழக்கமில்லாத இடது காலால் கடற்கரைச் சாலையில் மிதித்து, அந்தப் பலம் குறைந்த மிதிக்குக் கார் நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.