நம்ம ஆள் செய்த தவறுகள்

இங்கே அந்தமானில், போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் என் கணவருக்கு ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கார் ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்பானர்களை ஓரமாக ஒதுக்கி, மேசைமேல் டிவியைத் தூக்கி வைப்பார். கடலுக்கடியில் கேபிள் போட்டு இன்டர்நெட் சீரான பிறகு வந்த பழக்கம். அதற்கு முன்பெல்லாம் யார் ஜெயித்தார் என்பதையே மெயின்லேண்டில் இருக்கும் என் தம்பி போனில் சொல்லித்தான் தெரிந்துகொள்வோம்.

பார்ப்பது நாங்கள் நாலு பேர். நான், என் கணவர், பக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பெங்காலிக்காரர், அப்புறம் ஒரு பஸ் டிரைவர். போர்ட் பிளேருக்கும் வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் அவருடையது. அதாவது, ஓட்டுவது அவர், முதலாளி வேறு. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

நாலு பேரில் மூன்று பேருக்கு ஒரே ரேஸ் வீரரைப் பிடிக்கும். அவர் பேரை யாரும் சொல்வதில்லை, ‘நம்ம ஆள்’ என்போம். முன்பு பட்டமெல்லாம் வாங்கியவர். அந்த வருஷம் அவருக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. முதல் திருப்பத்திலேயே முன்னால் போகிற காரில் இடித்துக்கொள்வார். நல்லபடியாக நாலாவது இடத்தில் போய்க்கொண்டிருப்பார், திடீரென்று பிரேக்கைத் தாமதமாக அழுத்தி ஓரத்துச் சரளைக்குள் போய் நிற்பார். ஒவ்வொரு முறை அவர் திருப்பத்தை நெருங்கும்போதும் எனக்குப் பயமாக இருக்கும்.

பயந்தால் எனக்குக் கோபம் வரும். அதுதான் என் சுபாவம்.

“இந்த ஆளுக்கு வயசாயிடுச்சு. முன்னால இருக்கறது எவ்வளவு தூரம்னு கணக்கே தெரியல” என்று கத்துவேன்.

“இல்ல தங்கச்சி, டயரு சூடாகல. சூடாகாத டயருல பிரேக்கு புடிக்காது” என்பார் டிரைவர்.

“போன வாரமும் டயரா?”

“போன வாரம் காத்து. பின்னால இருந்து தள்ளுச்சு, நீங்களும் பாத்தீங்கல்ல?”

பெங்காலிக்காரருக்கு எங்கள் தமிழ் சண்டை பாதிதான் புரியும். அவர் வேறொருவரின் ரசிகர் என்பதால் சிரித்துக்கொண்டே, “காடி டீக் ஹை, டிரைவர் கராப்” என்பார். வண்டியில் குறையில்லை, ஓட்டுகிறவனிடம்தான் என்று அர்த்தம். டிரைவருக்கு முகம் சுருங்கிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. மழை, எண்ணெய், வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, குழுவினர் ரேடியோவில் தப்பாகச் சொன்னார்கள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், “கண்ணு தெரியலன்னா எறங்கிப் போக வேண்டியதுதானே அண்ணா, எதுக்கு மத்தவன் மேல போய் மோதணும்?” என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கழுவ எழுந்துபோனார்.

செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக மூன்று நாள் நான் திக்லிபூர் போக வேண்டியிருந்தது. கப்பலில் இடம் இல்லை. அவருடைய பஸ்ஸிலேயே போனேன். முன் சீட்டை எனக்காக எடுத்து வைத்திருந்தார். அவருக்கு இடது பக்கம், கண்ணாடியை ஒட்டி.

ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. வரிசையின் கடைசியில் ஒரு லாரி நின்றிருந்தது. எங்கள் பஸ் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது பிரேக் போடுவார், இப்போது போடுவார் என்று நான் கால் விரல்களை மடக்கிக்கொண்டு பார்த்தேன். போட்டபோது பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் தலையெல்லாம் முன் சீட்டில் இடித்தது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் புகுந்து போக முடியாது.

“தூக்கத்தக் கெடுத்துட்டேன்” என்று சிரித்தார். யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டைத் தாண்டியதும் பஸ்ஸை ஜங்கார் என்கிற தட்டைப் படகில் ஏற்றிக் கடல் கால்வாயைக் கடக்க வேண்டும். அந்த வேலையை அவர் பல வருஷமாகத் தினமும் செய்கிறவர். நாங்கள் இறங்கிக் கரையில் நின்றோம். ஜங்கார் ஆள் இடது பக்கம் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். பஸ் அவன் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. அவன் பின்னால் நகர்ந்து, கடைசியில் பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று அடித்து, “ருகோ, ருகோ!” என்று நிறுத்தச் சொல்லி அலறினான். இடது பக்கக் கண்ணாடி கம்பியில் உரசி மடங்கியது. டிரைவர் இறங்கி வந்து அதை நிமிர்த்தினார். நிமிர்த்துவதற்குத் தன் முகத்தை முழுதாகத் திருப்பிக்கொண்டார், காது தோளில் படுகிற அளவுக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் ஓட்டும்போதும் அந்தக் கண்ணாடியை அவர் அப்படித் திரும்பித்தான் பார்த்திருந்தார்.

கதம்தலா தாண்டியதும் மழை பிடித்தது. எதிரே ஒரு லாரி வந்தது, அதற்கு வழிவிட இடது பக்கம் ஒடித்தார். அந்த ஓரத்தில் ஒருவர் சைக்கிளில் வாழைத்தார் கட்டித் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நீல பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருந்தார். நான் பார்த்தேன். டிரைவரும் பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன். பஸ் விலகவேயில்லை.

“அண்ணா, லெஃப்ட்!”

என்று கத்தினேன். ஸ்டீயரிங்கை வெட்டினார். லாரி ஹாரனை அழுத்தியபடி எங்களை உரசிக்கொண்டு போனது. சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது, அந்த மனிதர் அதற்குப் பக்கத்தில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அடி படவில்லை. டிரைவர் ஓடிப்போய் அவரைத் தூக்கினார், சைக்கிளை மேலே கொண்டுவந்தார், மழையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் திட்டிய திட்டையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“மழை” என்றார் என்னைப் பார்க்காமல். “கண்ணாடியில தண்ணி.”

திக்லிபூருக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் இருந்தது. மிச்ச வழி முழுக்க நான் அவருக்கு இடது பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். “மாடு.” “ஸ்கூட்டி.” “பாலம் குறுகல்.” அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். பின் சீட்டில் இருந்த அம்மாள் எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

வேலை முடிந்ததும் நான் அந்த பஸ்ஸில் திரும்பவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒருநாள் தங்கிக் கப்பலில் வந்தேன். கப்பலில் படுத்திருந்தபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. நான் மட்டும் இறங்கிக்கொண்டேன். அந்த பஸ்ஸில் தினமும் நாற்பது பேர் ஏறுகிறார்கள்.

கராச்சர்மாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“இந்த வருஷம் மூணு தடவ எங்கிட்ட அந்த லெஃப்ட் கண்ணாடிய மாத்தினார்” என்றார். “மரக்கிளை இடிச்சுதுன்னு சொன்னார்.”

“உங்களுக்குச் சந்தேகம் வரலையா?”

“வந்துச்சு. கேக்க பயமா இருந்துச்சு.”

“முதலாளிகிட்ட சொல்லிடலாமா?”

“சொன்னா அவர் பொழப்பு போயிடும்.”

“சொல்லாட்டி?”

அவர் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு ரேஸ். பன்னிரண்டாவது சுற்றில் நம்ம ஆள் உள்பக்கமாகத் திரும்பினார். அங்கே ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. இரண்டு காரும் சுவரில் போய் ஒட்டின. ரேடியோவில் அவர், “நான் பார்க்கவேயில்லை” என்றார். பெங்காலிக்காரர் தொடையைத் தட்டி, “அந்தா ஹை க்யா?” என்றார். குருடனா இவன்?

நான் திட்டப் போகிறேன் என்று பெங்காலிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டிரைவர் எழுந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். ஸ்கூட்டருக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்க டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டணும்.”

“ரேஸ் பேச்ச ரேஸோட வச்சுக்கங்க தங்கச்சி.”

“நான் ரேஸ் பேசல. அந்த சைக்கிள்காரரை நீங்க பாக்கல.”

“மழை பெஞ்சுச்சுல்ல?”

“ஜங்கார்ல மழை பெய்யல.”

அவர் சாவியைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு நின்றார். “பொண்ணு மெயின்லேண்டுல நர்சிங் படிக்குது. இன்னும் ரெண்டு வருஷம். எனக்கு ஸ்டீயரிங் புடிக்கறது தவிர ஒண்ணும் தெரியாது. கச்சாலுக்குப் போயி இந்த வயசுல ரப்பர் பாலு வெட்டச் சொல்றீங்களா?”

“சனிக்கிழமை நான் லீவு போட்டுட்டு வரேன். சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். நீங்க வரலன்னா திங்கக்கிழமை முதலாளிகிட்ட நானே சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு மணி பார்ப்பேன். இப்போது ஜிர்காடாங் போயிருப்பார். இப்போது ஜங்கார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சாப்பாடு இறங்காது. புதன்கிழமை அந்த பஸ் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். டிப்போவுக்கு எதிரே இருக்கும் பழக்கடையில் ஆப்பிளை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். மரம் விழுந்து ரோடு அடைத்திருந்ததாம். பஸ் வந்து நின்று, அவர் சோர்ந்துபோய் இறங்குவதைப் பார்த்ததும், கடைக்காரரிடம் ஒன்றும் வாங்காமல் நடந்துவிட்டேன்.

சனிக்கிழமை கண் டாக்டர் அறைக்கு வெளியே காலை எட்டு மணிக்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். அவர் பேரில்தான் டோக்கன். இரண்டு முறை கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளியின் ஆபீஸுக்குப் போனேன். என் கணவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கூட வரவும் இல்லை. முதலாளி முதலில் நம்பவில்லை. “முப்பது வருஷ டிரைவர், மேடம். நீங்க ஒரு தடவ ஏறிட்டு வந்து இப்படிச் சொல்றீங்க” என்றார். நான் பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நான் யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. அவர் கேட்டுவிட்டு, “செக் பண்ணச் சொல்றேன்” என்றார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

பரிசோதனையில் வந்தது கிளாக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய். இடது கண்ணில் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. போனது திரும்பாது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. அன்றோடு அவரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இதெல்லாம் அவர் மனைவி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அண்ணி திட்டவில்லை. “வலது கண்ணைக் காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு” என்றார். பிறகு, “வீட்டுல யாரோடயும் பேச மாட்டேங்கறாரு” என்றார்.

டிரைவர் ஒர்க்‌ஷாப்புக்கு வருவது நின்றது. நாங்கள் மூன்று பேராகப் பார்த்தோம். நம்ம ஆள் இன்னும் இரண்டு ரேஸில் தப்புப் பண்ணினார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. யாரும் காரணம் சொல்லாததால் அந்தத் தவறுகள் அப்படியே கிடந்தன. சீசன் முடிந்தபோது நம்ம ஆள் அடுத்த வருஷமும் ஓட்டுவார் என்று அறிவித்தார்கள். பெங்காலிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் டிவியை அணைத்தார்.

முதலாளி டிரைவரைக் கைவிடவில்லை. டிக்கெட் கவுன்டரில் உட்காரவைத்தார். பிப்ரவரியில் மறுபடியும் எனக்கு திக்லிபூர் வேலை வந்தது. கணவரை அனுப்பி டிக்கெட் வாங்கச் சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு நானே போனேன்.

என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். மெலிந்திருந்தார். மேசையில் சின்னச் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது.

“என்னைக்கு?” என்றார்.

சொன்னேன். எழுதினார். எழுதும்போதே, தலை நிமிராமல், “ஒரு வருஷமா எனக்குத் தெரியும்” என்றார். “ஜங்கார்ல ஏத்தற ஒவ்வொரு தடவையும் முதுகு நனைஞ்சு போவும். சம்சாரத்துக்குக்கூட சொல்லல.”

“அண்ணா...”

“இப்ப அந்தப் பயம் இல்ல. நல்லாத் தூங்கறேன்.” டிக்கெட்டைக் கிழித்து என் பக்கம் தள்ளினார். “ஆனா ஒங்க மேல இருக்கற கோவம் போவல. சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வர முடியல. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நானே வந்திருப்பேன்.”

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாரத்தை நான் கொடுத்திருக்கலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். புதன்கிழமை பழக்கடையில் நின்றது ஞாபகம் வரும்போது, முடியாது என்றுதான் தோன்றுகிறது.

“கோவமா இருங்கண்ணா” என்றேன். “மருந்து மட்டும் விடாம போடுங்க.”

எனக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். நான் நகர்ந்தேன். அவர் அடுத்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் புது சீசன் தொடங்கியது. முதல் ரேஸுக்கு அவர் வரவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது ரேஸ் பாதி ஓடியிருக்கும்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். என் கணவர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் அதை டிவிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி உட்கார்ந்து, “நம்ம ஆள் எத்தனாவதா ஓடறான்?” என்று கேட்டார்.

“ஒம்பது” என்றேன்.