வைக்கோலுக்கு அடியில்

ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடக் கரையில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்தில் ஒரு விவசாயி வைக்கோல் வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார். வைக்கோலுக்கு அடியில் வாழைக்கன்றுகள் தெரிகின்றன.

“வாழை போடப்போறீங்களா?”

“மெதுவாப் பேசுங்க. நெல்லு போட்டா லெவின்னு சர்க்கார் குறைஞ்ச விலைக்குக் கட்டாயமா அளந்துக்கிட்டுப் போயிடுது. வாழைக்கு அது கிடையாது. ஊருக்குத் தெரிஞ்சா எல்லாரும் வாழை போட்டு விலையைக் கெடுத்துடுவாங்க. அதான் நெல்லுன்னு டீக்கடையில ரெங்கநாதர்மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அவருக்கும் பழம் வேணும்ல, கோவிச்சுக்க மாட்டாரு.”

பின்னால் இன்னொரு வைக்கோல் வண்டி வருகிறது. அதை ஓட்டி வருபவர் இவருடைய மச்சினராம்.

“என்ன மாமா, இந்த வருஷமும் நெல்லுதானே?”

“பின்னே? நீங்க?”

“நெல்லுதான், சத்தியமா!”

மச்சினர் வண்டி நகர்கிறது. வைக்கோலுக்கு அடியில் பச்சையாக ஏதோ ஆடுகிறது. நெல்லாகத்தான் இருக்கும்.