கடல் குடிக்காத வண்டி

என் மச்சான் கச்சிமுகம்மது சத்தம் போடாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றமாட்டார். கல்முனைக்குடியில் அவருடைய கராஜுக்குப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் நான். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் கத்துவார், ஆகாவிட்டாலும் கத்துவார். என் அக்கா, நபீஸா ராத்தா, இந்த மனிதரோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. வினாயகபுரத்து வள்ளங்கள் பயமில்லாமல் தூரக் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. மொனராகலைப் பாதையில் சோதனைச் சாவடிகளில் மீன்பெட்டிகளை இறக்கிக் காட்டாமலே போகலாம் என்றானதும், வினாயகபுரத்து மீன் வியாபாரி கேதீஸ்வரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “காக்கா” என்று அண்ணன் முறையில் தான் கூப்பிடும் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பிக்கப்பைப் பார்த்தார். சுனாமி நிவாரணத்துக்கு வந்த ஒரு நிறுவனம் விட்டுப்போன வண்டி. மச்சான் பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

“கண்ண மூடிட்டு எடுங்க தம்பி. இதுக்கு நான் பொறுப்பு.”

அந்தச் சொல்தான் வினையாகிப் போனது. வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, எஞ்சின் லைட் எரியத் தொடங்கியது. ஓடும்போது வண்டி ஒழுங்காக ஓடும். சந்தியில் வண்டியை நிறுத்தினால் எஞ்சின் மூச்சுவாங்கி, ஏறி இறங்கி, அணைந்துவிடும். பாரம் ஏற்றிய வண்டியைச் சந்திக்குச் சந்தி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு எவன் மொனராகலைச் சந்தைக்குப் போவான்?

மச்சான் கொழும்பிலிருந்து புதிதாக வாங்கிவந்த ஸ்கேனரை மாட்டினார். திரையில் பி0171 என்று விழுந்தது. எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். “புடிச்சிட்டன்!” என்று அவர் போட்ட கூச்சலில் என் கடையில் நின்றவர் கையிலிருந்த பல்பைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் அந்தக் கோட் நம்பர் நோயைச் சொல்லுமே தவிர நோய் இருக்கும் இடத்தைச் சொல்லாது. ஒட்சிசன் சென்சரை மாற்றினார், லைட் திரும்ப வந்தது. காற்றை அளக்கும் சென்சரைக் கழற்றிக் கழுவினார், அப்போதும் வந்தது. பெட்ரோல் பம்பைப் பார்த்தார், அதில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே “புடிச்சிட்டன்!” எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: அது கடல் குடிச்ச வண்டி, சுனாமித் தண்ணியில் மூழ்கி எழும்பினது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் தையல் மெஷின் பழுதானாலும் தண்ணிப் பம்பு பழுதானாலும் இந்த ஒரே தீர்ப்புத்தான்.

“தம்பி, இந்த வண்டி சுனாமிக்குப் பொறகு கப்பல்ல வந்தது” என்றார் மச்சான்.

“கப்பலும் கடல்லதானே காக்கா வந்தது” என்றார் கேதீஸ்வரன். பகிடிக்குச் சொல்லவில்லை. அவருடைய மகளைக் கொண்டுபோன கடல் அது. “என்ட ராசி அப்பிடி. வெள்ளிக்கிழம ஒடைக்கிற ஆள் வாறார். துண்டு துண்டா வெட்டி வித்துருவம்.”

மச்சானின் முகம் செத்துப்போனது. அவருடைய பழைய கராஜ் கடற்கரையில்தான் இருந்தது. சுனாமியில் அதுவும் போனது, அதற்குள் படுத்திருந்த அவருடைய தம்பி நூஹுவும் போனான்.

“கடல் எடுத்ததெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. எடுக்காததையும் அதுட தலைல போட ஏலாது. என்ட சொல்ல நம்பி எடுத்த வண்டி. வெள்ளிக்கிழமைக்கு முன்ன பாத்துத் தாறன்.”

வியாழக்கிழமை பொழுதிறங்கி மஃரிப் தொழுகையும் ஆகிவிட்டது. மச்சான் அணைந்த எஞ்சினைத் திரும்பவும் ஸ்டார்ட் பண்ணிவிட்டு அதற்கு முன்னால், கத்தவும் தெம்பில்லாமல் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கராஜ் வீட்டின் முன்பக்கம் என்பதால் ராத்தா வாரா வாரம் சாம்பிராணிச் சட்டியோடு வாசல்வரை வருவாள். பெட்ரோல் உள்ள இடத்தில் நெருப்பா என்று இவர் வாரா வாரம் பாய்வார். அன்றும் அவள் வாசலோடு நின்றாள். கடற்காற்று புகையை உள்ளே தள்ளியது. மச்சான் பாய்வதற்கு எழும்பினார்.

எழும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். எஞ்சினுக்கு மேலால் கலைந்து போன புகையில் ஒரு கீற்று மட்டும் பின்பக்கமாக வளைந்து இறங்கியது. பிரேக்குக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் போய், யாரோ உறிஞ்சுவதுபோல் உள்ளே போனது! மச்சான் கையை விட்டு அந்த இடத்தை விரலால் அடைத்தார். ஏறி இறங்கிய எஞ்சின் ஒரே சீராக ஓடியது. விரலை எடுத்தார், தடுமாறியது. மறுபடி அடைத்தார். அல்லாஹ்வே, எனக்கே கத்த வேண்டும் போலிருந்தது!

“நபீஸா! அசையாத! சட்டியோட அப்பிடியே நில்லு!”

“கொண்டு வராத எண்டும் நீங்கதான், நில்லு எண்டும் நீங்கதான்” என்றாள் ராத்தா.

என் கடையிலிருந்து புதுக் குழாயை நானே ஓடிப்போய் எடுத்து வந்தேன். தகவல் கேட்டு வந்த கேதீஸ்வரன் பழைய குழாயை மடக்கி, அதன் அடிவெடிப்பை நெடுநேரம் பார்த்தார்.

“உப்புப் புடிக்கல்லயா காக்கா?”

“எஞ்சின் சூட்டுல வெடிச்ச ரப்பர் தம்பி. மேலால பாத்தா தெரியாது. இதுக்குள்ளாலதான் கள்ளக் காத்துப் போயிரிக்கி.”

அவர் நம்பியும் நம்பாமலும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். விடியலில் மீன் ஏற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே உடைக்கிறவர் லொறியோடு வந்து கராஜ் வாசலில் நின்றார். கேதீஸ்வரனின் போன் வேலை செய்யவில்லை. வழியில் சியம்பலாண்டுவைப் பக்கம் காட்டுக்குள் வண்டி நின்றிருக்குமோ என்று நான் பாதையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போகும் நேரத்தில் அது அடித்தது. நாங்களும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

“காக்கா, மொனராகலச் சந்தைல நிக்கிறன். மீனெல்லாம்...”

“மீன உடுங்க! எஞ்சின்?”

“ஓடிட்டே நிக்குது.”

“லைட்டு?”

“இல்ல.”

“அப்ப கதையாதீங்க. போன எஞ்சினுக்கிட்டப் புடிங்க.”

எஞ்சின் கேட்டது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உடைக்கிறவர்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டார். மச்சான் கண்ணைத் துடைக்காமலே நின்றார். கொஞ்ச நேரத்தில் கேதீஸ்வரனின் குரல் திரும்பி வந்தது.

“காக்கா, இதக் கடல் தொடவேயில்ல என்ன?”

“ஓம் தம்பி” என்றார் மச்சான். “இத உட்டுட்டுப் போயிரிக்கி.”