படிக்கு அடியில் ஒரு மூட்டை உரம்

என் கணவருக்குப் பால் பதனிடும் ஆலையில், கழிவுநீர்ப் பிரிவில் வேலை. பால் டாங்குகளும் பாக்கெட் அடுக்கும் கிரேட்டுகளும் கழுவிய தண்ணீர் அங்கே தொட்டிகளில் தெளியும். அடியில் தங்கும் சேற்றை உலர்த்தினால் உரம். பாலின் சத்து வீணாகாமல் அதில்தான் நிற்கிறது என்பார். ஒருநாள் அதில் ஒரு மூட்டையை வலியசாலையில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். முதலில் வீட்டில் போட்டுப் பார்ப்பது, செடி நன்றாக வந்தால் விவசாயிகளுக்குக் கொடுப்பது என்று ஆபீசில் ஏற்பாடு. யோசனை இவருடையது. இத்தனை வருஷத்தில் இவர் சொல்லி அவர்கள் காதில் வாங்கிய முதல் காரியம்.

என் மாடியில் இருப்பதோ துளசி. சனிக்கிழமைதோறும் குளித்துவிட்டுப் பறித்து, மோந்துகூடப் பார்க்காமல் தொடுத்துப் பெருமாளுக்குக் கொடுப்பது. மூட்டையைப் பிரித்து முகர்ந்தேன். புளித்த மோர் வாசனை. அதற்கும் அடியில் வேறு ஏதோ இருந்தது, அல்லது இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"அங்க கக்கூஸ் ஜலமும் இதுலதான் வந்து சேருமோ?"

"சே, பால் பாத்திரம் கழுவின ஜலமாக்கும்" என்றார். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தார். எனக்கு அது போதும். மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூட்டையைப் படிக்கு அடியில், பழைய பாய்களுக்குப் பின்னால் தள்ளினேன். சாலைக் கடைத்தெருவில் சாணி எரு வாங்கிவந்து அவருக்குத் தெரியாமல் போட்டேன். துளசி கருகருவென்று வளர்ந்தது. இவர் வாராவாரம் மாடியேறிப் போட்டோ எடுத்தார். இந்த மனுஷனுக்கு எதற்கு இத்தனை ஆர்வம் என்று அதையும் சந்தேகப்பட்டேன். என் புத்தி அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மாமி வந்தாள்.

"உங்காத்துத் துளசியைப் பாத்தா ஆசையும் கொதியுமா இருக்கு. இவர் மூட்டையாக் கொண்டுவந்த வளந்தானே செடிக்குப் போடறேள்? எனக்கும் கொஞ்சம் வேணும், கேட்டேளா."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கறேன் மாமி. அப்பறம் எல்லாருக்கும் கெடைக்கும்" என்றார்.

மாமி படியிறங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்றுதான் நினைத்தேன். "அப்போ இத்தனை நாளா நான் போட்டோ எடுத்தது சாணியையா?" என்று மட்டும் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, போனிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்போதாவது என் வாய் சும்மா இருந்ததா?

"அன்னிக்கு நான் கேட்டப்போ நீங்கோ ஏன் யோசிச்சேள்?"

தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கே நிச்சயமாத் தெரியலை. மறுநாள் போய் ஒவ்வொரு குழாயாப் பாத்தேன். கக்கூஸ் ஜலம் வேற தொட்டிக்காக்கும் போறது. நீ மறுபடியும் கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லையே."