கம்ப்யூட்டருக்கு மெமரி ஏற்ற வந்த அம்மா

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத உப்பள முதலாளி நான். ஆனாலும் மரக்காணத்தில் முதன்முதலாக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான்தான். காலேஜில் படித்த என் மகள் பரீட்சைக்காக எழுதிய புரோகிராம் அதில் ஓடவில்லை. மெமரி போதாதாம். சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு செட் மெமரி சிப் வரவழைத்தேன். அது கெட்டால் மகளுக்கு அந்த வருஷம் போச்சு.

அதைப் பொருத்தப் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த இடங்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். ஒவ்வொரு சிப்பை எடுக்கும் முன்பும் பெயிண்ட் உதிர்ந்த ஜன்னல் கம்பியைத் தொட்டார்.

"ஏம்மா, கம்பியைக் கும்பிட்டாதான் வேலை நடக்குமா?" என்றேன்.

"கும்பிடலீங்க. உடம்புல இருக்கிற கரண்டை இறக்கி விடுறேன். அது பட்டா சிப் செத்துடும்."

"நாப்பது வருஷமா உப்பளத்துல நிக்கிறேன். என் உடம்புல ஏது கரண்ட்டு?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. இதுக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டே நான் ஒரு சிப்பை எடுக்கப் போனேன். அந்த அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கம்பியில் வைத்து அழுத்தினார்.

"இப்ப எடுத்துக் குடுங்க."

கொடுத்தேன். வாங்கிப் பொருத்தினார்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் மெமரியைக் காட்டும் எண்கள் ஏறின. எப்போதும் 256-இல் நின்றுவிடும் எண், அன்று 640 வரை போனது. மகளின் புரோகிராம் ஓடியது.

அப்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேனாம்; மகள்தான் பிறகு சொன்னாள். நான் யாருக்கும் எழுந்து நிற்கிறவன் இல்லை. அன்று எழுந்தது அந்த எண்களுக்கா, அந்த அம்மாவுக்கா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.