தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சோலைபாடி

மாப்பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர். பேச்சால் அல்ல, விசிலால்.

காட்டோரத்தில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பறவை பார்க்க வருபவர்களுக்காக ஒரு விடுதி நடத்துகிறார். அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போவது மாப்பிள்ளையின் வேலை. எல்லாரும் கேட்பது சோலைபாடியைத்தான். கருப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, நீண்ட வால். ஓடையோர மூங்கில் புதரைவிட்டு லேசில் தலைகாட்டாது. விடியலில் பாடும்போதுதான் இருக்கிறதென்றே தெரியும். கண்ணில் படாவிட்டாலும் காதில் விழுந்தால் பட்டியலில் குறித்துக்கொள்ளலாம் என்பது பறவை பார்ப்பவர்களின் வழக்கம். வினை அந்த வழக்கத்தில்தான் வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வாரமாகப் பறவை பாடவில்லை. தூரத்திலிருந்து வந்திருந்த வயதான தம்பதியின் முகம் தொங்கிப்போனது. பொறுக்காத மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து விசிலடித்தார். அச்சு அசல். அந்த அம்மாள் அழுதேவிட்டார். விஷயம் தெரிந்த மச்சான் திட்டவில்லை. மறுநாளே வாசல் போர்டில் எழுதிவைத்தார்: 'தினமும் காலையில் சோலைபாடி.'

அன்றிலிருந்து ஒரு விடியலும் அவருக்குச் சொந்தமில்லை. வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. பேத்தியை அவர் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

"எப்பப்பா வருவீங்க?"

"இந்தக் கூட்டம் போகட்டும்மா."

போன மாதம், பறவைக் குரல்களைப் பதிவுசெய்யும் ஒரு அம்மா வந்தார். இரண்டு நாள் கேட்டுவிட்டு மாப்பிள்ளையிடமே சொன்னார்: "உங்க ஆண் பறவை பெரிய ரவுடிங்க. தெனமும் இது என் எடம்னு பாடிட்டே இருக்கான். அதான் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கறதுங்க இங்க வரவே பயப்படுது."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் குருவியை விரட்டிக்கொண்டிருந்தது அவரேதான்.

"அவன் வாய மூடிட்டா?"

"கொஞ்ச நாள்ல வேற ஒண்ணு வந்து உக்காந்துரும்."

தொண்டை கட்டிவிட்டது என்று மாப்பிள்ளை படுத்துவிட்டார். மச்சான் வேளைக்கு வேளை வெந்நீர் கொண்டுவந்தார். ஐந்து விடியல்கள் மூங்கிலில் சத்தமே இல்லை. ஆறாவது விடியலில் கேட்டது. அவருக்குத் தெரியாத இரண்டு வளைவுகள் அந்தப் பாட்டில் இருந்தன. மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்தபடியே அழுதார். உடனே மகளுக்குப் போன் போட்டார். "இன்னிக்கே கெளம்பறேன்மா."

பையோடு வாசலுக்கு வந்தால், மச்சான் ஏணிமேல் நின்று பிரஷ்ஷும் கையுமாக இருந்தார். 'தினமும் காலையில் இரண்டு சோலைபாடிகள். போட்டிப் பாட்டு.'

"மச்சான், நான் விசிலடிச்சா அது ஓடிப்போயிரும்."

"அதெல்லாம் ஓடாது மாப்ள. பதினோரு பேரு வர்றாங்க. இந்த ஒரு கூட்டம் மட்டும். பையை உள்ள வைங்க."

மறுநாள் விடியலில் பதினோரு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். குருவி பாடியது. தொட்டிக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை பதில் கொடுத்தார், வேண்டுமென்றே மெதுவாக. குருவி திரும்பவும் பாடியது, கொஞ்சம் தள்ளி. அடுத்தது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கூட்டம் இன்னும் காத்திருந்தது. மாப்பிள்ளை உதட்டை நனைத்துக்கொண்டு, முதலில் தன் பாட்டையும் பிறகு அதன் பாட்டையும் விசிலடித்தார்.